துருப்பிடித்த கோடிகள்

2020 ஜனவரி 10. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள கிஸ்ஸிம்மி நகரில் மீகம் நிறுவனத்தின் கார் ஏலம். மேடையில் வந்து நின்றது ஒரு பச்சை நிற ஃபோர்டு மஸ்டாங். 1968 மாடல். பெயின்ட் மங்கிப் போயிருந்தது. ஆங்காங்கே துரு. கேமரா பொருத்துவதற்காக ஒரு காலத்தில் வெல்டிங் வைத்த அடையாளங்கள் அப்படியே இருந்தன. நம் ஊரில் இந்தக் கோலத்தில் ஒரு காரை விற்க எடுத்துப் போனால், ‘முதலில் டிங்கரிங் பார்த்து, பெயின்ட் அடித்துக்கொண்டு வாருங்கள், பிறகு பேசலாம்’ என்று தரகர் திருப்பி அனுப்பிவிடுவார். அங்கே ஏலக்காரரின் சுத்தியல் 34 லட்சம் டாலரில் விழுந்தது. ஏல நிறுவனத்தின் கட்டணத்தையும் சேர்த்தால் 37.4 லட்சம் டாலர். அன்றைய கணக்கில் 26 கோடி ரூபாய்க்கும் மேல்.

1968-ல் வந்த ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய கார் அது. சான் பிரான்சிஸ்கோவின் மேடு பள்ளங்களில் அவர் துரத்தும் காட்சியை இன்றும் கார் பைத்தியங்கள் பாடம் போலப் பார்க்கிறார்கள். அதனால், ‘நட்சத்திரம் தொட்டது, விலை ஏறியது, அவ்வளவுதானே’ என்று நீங்கள் முடிவுகட்டிவிடலாம். ஆனால் 2014-ல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போன 1971 பிளைமவுத் ஹெமி குடா கன்வர்ட்டிபிள் எந்த சினிமாவிலும் நடித்துப் புகழ் பெற்றதல்ல. அதே ஆண்டு, அதே தொழிற்சாலை, அதே உடம்பு, ஆனால் சாதாரண இன்ஜின் கொண்ட இன்னொரு பரக்குடாவுக்கு அந்த விலையில் ஒரு சிறு துண்டுகூடக் கிடைக்காது.

அப்படியானால் அமெரிக்காவின் ‘மஸில் கார்’களுக்கு இந்த விலை எங்கிருந்து வருகிறது? தங்கம் போல எடை போட முடியாது. பங்குச் சந்தை போல டிவிடெண்ட் தராது. ஓட்டினால் மதிப்பு குறையும், ஓட்டாமல் வைத்தால் ரப்பர் காய்ந்து கெடும். பெட்ரோல் குடிப்பதில் யானை. இருந்தும் ஆயிரக்கணக்கான அமெரிக்கர்கள் ஓய்வுக்காலச் சேமிப்பை இதில் போட்டிருக்கிறார்கள். அவர்கள் எதை வாங்கினார்கள் என்று தெரிந்துகொள்ள, 1964-க்குப் போக வேண்டும்.

விதியை ஏமாற்றிப் பிறந்த கார்

அந்தக் காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இன்ஜின் வைக்கக் கூடாது. சுமார் 5.4 லிட்டர். (அதே சமயம் நம் அம்பாசடரில் இருந்தது 1.5 லிட்டர் இன்ஜின்.) போன்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவரது சகாக்களும் அந்த விதியில் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். கட்டுப்பாடு காரின் வழக்கமான இன்ஜினுக்குத்தானே? வாடிக்கையாளர் விருப்பப்பட்டுக் கேட்டு வாங்கும் ‘ஆப்ஷன்’ பற்றி அதில் எதுவும் இல்லையே!

பெரிய போன்டியாக்கிலிருந்து 389 கன அங்குல வி-8 இன்ஜினை எடுத்து, டெம்பெஸ்ட் லெமான்ஸ் என்ற நடுத்தரக் காருக்குள் இறக்கினார்கள். ஃபெராரியிடமிருந்து பெயரைக் கடன் வாங்கி ஜிடிஓ என்று சூட்டினார்கள். ஆப்ஷனின் விலை 295 டாலர். முதல் ஆண்டில் 5,000 விற்றால் போதும் என்பது நிர்வாகத்தின் எதிர்பார்ப்பு. விற்றது 32,450. விதியை மீறியதற்காகத் திட்ட வேண்டிய மேலிடம், விற்பனைக் கணக்கைப் பார்த்து வாயை மூடிக்கொண்டது.

மஸில் காரின் சூத்திரம் இவ்வளவுதான்: சாதாரண உடம்பு, அசாதாரண இன்ஜின், இளைஞனின் சம்பளத்துக்கு எட்டும் விலை. போருக்குப் பின் பிறந்த தலைமுறைக்கு அப்போது லைசென்ஸ் வாங்கும் வயது. சுமார் மூவாயிரம் டாலரில் ஓர் ஆலைத் தொழிலாளியின் மகன், பணக்காரனின் ஐரோப்பியக் காரை சிக்னலில் பின்தள்ள முடிந்தது. ஃபோர்டு, டாட்ஜ், பிளைமவுத், செவர்லே என்று எல்லோரும் களத்தில் குதித்தார்கள். 1966-ல் கிரைஸ்லர் தன் பந்தய இன்ஜினான 426 ஹெமியையே தெருவுக்கு இறக்கியது. ஏழு லிட்டர், 425 குதிரைத்திறன். 1970-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும் செவர்லே செவெல்லில் 454 கன அங்குல எல்எஸ்-6 வந்தது. 450 குதிரைத்திறன். அதுதான் உச்சம்.

இறங்குமுகமும் உடனே தொடங்கியது. இளைஞர்கள் விபத்தில் சிக்குவதைக் கண்ட காப்பீட்டு நிறுவனங்கள் பிரீமியத்தைத் தாறுமாறாக ஏற்றின. 1970-ல் வந்த தூய காற்றுச் சட்டம் புகைக்குக் கடிவாளம் போட்டது. ஈயம் குறைந்த பெட்ரோலுக்கு ஏற்ப 1971-ல் இன்ஜின்களின் அழுத்த விகிதம் குறைக்கப்பட்டது. 1972-ல் குதிரைத்திறனை அளக்கும் முறையே மாறியதால், காகிதத்திலும் எண்கள் சரிந்தன. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்க்குத் தடை போட்டபோது பெட்ரோல் பங்க் வாசலில் வரிசை நின்றது. பத்தே ஆண்டுகளில் ஒரு சகாப்தம் முடிந்துபோனது.

அடுத்து நடந்ததுதான் இன்றைய விலைக்கு முதல் காரணம். யாருக்கும் அந்தக் கார்கள் வேண்டாமல் போயின. லிட்டருக்குச் சில கிலோமீட்டர் ஓடும் பழைய காரை யார் வாங்குவார்? வீட்டுப் பின்புறத்தில் நின்று துருப்பிடித்தன. இன்ஜினைக் கழற்றிப் பந்தயக் காரில் மாட்டிக்கொண்டு உடம்பைக் காயலான் கடைக்கு அனுப்பினார்கள். 1979 முதல் 1985 வரை ஓடிய ஒரு தொலைக்காட்சித் தொடரில், தாவிக் குதித்து நொறுங்குவதற்காகவே சுமார் 300 டாட்ஜ் சார்ஜர்கள் பலியாகின. இன்று ஒவ்வொரு சார்ஜரையும் பார்த்துப் பெருமூச்சு விடுபவர்கள் அப்போது அதைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

விற்காத சரக்கின் மகிமை

அரிதானதற்கு விலை அதிகம் என்பது சந்தையின் பால பாடம். மஸில் கார் சந்தையில் அந்தப் பாடத்துக்கு ஒரு வேடிக்கையான திருப்பம் உண்டு. இன்று மிக அரிதான கார்களில் பல, அன்று விற்காமல் தேங்கிய கார்கள்.

1969 கமாரோ இசட்எல்-1 ஓர் உதாரணம். முழுக்க அலுமினியத்தில் வார்த்த 427 கன அங்குலப் பந்தய இன்ஜின். டிராக் பந்தயத்தில் அனுமதி பெற 50 கார்கள் தேவை என்பதால் இல்லினாய் மாநிலத்தின் சிற்றூர் டீலர் ஒருவர் 50 கார்களுக்கு ஆர்டர் கொடுத்தார். பில் வந்தபோது அவருக்கு மூச்சு நின்றிருக்கும். அந்த இன்ஜினுக்கு மட்டும் 4,160 டாலர். காரின் அடிப்படை விலையைவிட அதிகம். வாங்க ஆளில்லாமல் பெரும்பாலான கார்களை அவர் நிறுவனத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. மொத்தம் உருவானவை 69. இன்று அதில் ஒன்று ஏலத்துக்கு வந்தால் அதுவே செய்தி.

1970 பிளைமவுத் சூப்பர்பேர்டின் கதையும் அதேதான். நாஸ்கார் பந்தயத்துக்காக நீண்ட மூக்கும், பின்னால் ஆளுயர இறக்கையும் வைத்த விசித்திரப் பிறவி. பந்தய விதிப்படி இரண்டு டீலருக்கு ஒன்று என்ற கணக்கில் பொதுமக்களுக்கும் தயாரிக்க வேண்டியிருந்ததால் இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக உருவாக்கினார்கள். பல ஷோரூம்களில் மாதக்கணக்கில் தூங்கியது. சில டீலர்கள் இறக்கையையும் மூக்கையும் கழற்றிவிட்டு சாதாரணக் காராக்கித் தள்ளிவிட்டார்கள். இன்று அந்த இறக்கைதான் விலையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறது.

ஆனால் அரிது என்பது மட்டும் போதாது. ஆறு சிலிண்டர் இன்ஜின், மங்கலான ஒரு நிறம், விசித்திரமான ஓர் இருக்கைத் துணி என்று ஒருவர் ஆர்டர் கொடுத்திருந்தால், அந்தச் சேர்க்கையில் உலகத்திலேயே அது ஒன்றுதான் இருக்கலாம். யாரும் சீந்த மாட்டார்கள். எண்ணிக்கை குறைவாக இருக்க வேண்டும், அதோடு ஊரே ஆசைப்பட்டதாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் லட்சங்கள்.

குடாவைப் பாருங்கள். 1970-ல் அதில் ஹெமி இன்ஜின் வேண்டுமென்றால் கூடுதலாக 871 டாலர். காப்பீட்டுச் செலவு தனி. அதனால் ஹெமி கேட்டவர்கள் குறைவு: 652 ஹார்டுடாப், 14 கன்வர்ட்டிபிள். 1971-ல் கன்வர்ட்டிபிள் எண்ணிக்கை 11 ஆகக் குறைந்தது. காரணம் எளிது. பந்தயம் விட நினைத்தவன் எடை குறைந்த, கூரை இறுக்கமான காரைக் கேட்டான். கூரையை மடித்து மாலையில் உலாப் போக நினைத்தவனுக்கு ஹெமியின் உறுமல் தேவையில்லை. இரண்டையும் சேர்த்துக் கேட்ட பதினொரு பேர் அன்றைக்குக் கொஞ்சம் கிறுக்கர்கள். அந்தக் கிறுக்குத்தனத்துக்குத்தான் 2014-ல் 35 லட்சம் டாலர் கொடுக்கப்பட்டது. ஆட்டோமேட்டிக்குக்குப் பதில் கையால் மாற்றும் நான்கு கியர் இருந்தால் இன்னும் ஒரு படி மேல். அந்தக் காருக்கு அதுவும் இருந்தது.

காகிதத்தின் விலை

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஜிடிஓ பிறந்த கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மஸில் கார் என்பது தனி உடம்பு அல்ல. ஆர்டர் படிவத்தில் போட்ட ஒரு டிக். அந்த டிக்கை இன்று யார் நிரூபிப்பது? அரை நூற்றாண்டு கழித்து, இரண்டு தொழில் தெரிந்த மெக்கானிக்குகளும் ஒரு பழைய பாகங்கள் கேட்டலாகும் இருந்தால் எந்தச் சாதாரண செவெல்லையும் எல்எஸ்-6 ஆக்கிவிடலாம். பெயர்ப்பட்டை, கோடுகள், இருக்கை, இன்ஜின் எல்லாம் கிடைக்கும். ‘டிரிப்யூட்’ என்று சொல்லி விற்றால் அது நேர்மை. சொல்லாமல் விற்றால் மோசடி. இரண்டு கார்களும் ஒரே வேகத்தில்தான் ஓடும். விலை மட்டும் பல மடங்கு வித்தியாசப்படும்.

அதனால் வாங்குபவர் முதலில் பானெட்டுக்குள் குனிவதில்லை. நிலம் வாங்குபவர் மூலப் பத்திரமும் வில்லங்கச் சான்றிதழும் கேட்பதுபோல, காகிதத்தைக் கேட்கிறார். இதில் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு மாதிரி. கிரைஸ்லர் கார்களில் அடையாள எண்ணின் ஐந்தாவது எழுத்தே இன்ஜினைக் காட்டிக்கொடுத்துவிடும். 1970, 71 ஹெமி என்றால் அங்கே ‘ஆர்’ இருக்கும். ஃபோர்டின் 1967-க்குப் பிந்தைய தயாரிப்புப் பதிவுகள் பிழைத்திருக்கின்றன. கட்டணம் செலுத்தினால் உங்கள் கார் என்ன நிறத்தில், எந்த இன்ஜினுடன், எந்த டீலருக்குப் போனது என்று அறிக்கை கிடைக்கும். போன்டியாக்கின் பழைய பில்களும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அது நல்லதாயிற்று. ஏனென்றால் 1964, 65 ஜிடிஓவில் அந்தப் பெயர் வெறும் ஆப்ஷன் என்பதால், அடையாள எண்ணை எத்தனை முறை படித்தாலும் அது ஜிடிஓ என்று தெரியாது. 1966-லிருந்துதான் அதற்குத் தனி எண் வரிசை.

செவர்லே பிரியர்கள் பாவம். 1970 செவெல்லின் அடையாள எண் அது வி-8 என்று மட்டும் சொல்லும். எல்எஸ்-6 என்று சொல்லாது. அமெரிக்காவில் விற்ற கார்களுக்குத் தனித்தனிப் பதிவை நிறுவனம் காப்பாற்றி வைக்கவில்லை. ஆனால் கனடாவில் விற்ற கார்களுக்குப் பதிவு இருக்கிறது. ஆக, அதே ஆலையிலிருந்து அடுத்தடுத்து வெளியே வந்த இரண்டு செவெல்களில் வடக்கே எல்லை தாண்டிப் போனதற்கு இன்று சாட்சி உண்டு. தெற்கே நின்றதற்கு இல்லை.

சாட்சி இல்லாதவர்களுக்கு ஒரே நம்பிக்கை, தொழிற்சாலையில் காரோடு பயணம் செய்த ‘பில்ட் ஷீட்’. என்னென்ன பாகங்கள் மாட்ட வேண்டும் என்று தொழிலாளிக்குச் சொல்லும் சாதாரணத் தாள். வேலை முடிந்ததும் அவர் அதைப் பின் இருக்கையின் ஸ்பிரிங்குக்குள்ளோ பெட்ரோல் டேங்கின் மேலோ விட்டுவிடுவார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, எலி கடித்து, எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தாள் இருக்கைக்கு அடியிலிருந்து கிடைத்தால், காரின் சொந்தக்காரர் லாட்டரி அடித்தவர் போலத் துள்ளுகிறார். அதில் நியாயம் இருக்கிறது. அந்தத் தாளுக்குப் புதிய இன்ஜினைவிட மதிப்பு அதிகம்.

1968 மாடலிலிருந்து காரின் எண்ணின் ஒரு பகுதியை இன்ஜினிலும் அச்சிட்டார்கள். திருட்டைத் தடுக்க வந்த ஏற்பாடு. இன்று அதுதான் ‘நம்பர் ஒத்துப்போகிறதா’ என்ற கேள்விக்கு அடிப்படை. பிறக்கும்போது இருந்த இன்ஜினே இன்றும் இருந்தால் ஒரு விலை. இருபது வயதுப் பையன் சிக்னல் பந்தயத்தில் அதை உடைத்துவிட்டு, நிறுவனமே கொடுத்த அதே ரக இன்ஜினை மாட்டியிருந்தால் வேறு விலை. எந்தக் காரியத்துக்காக அந்தக் கார் உருவாக்கப்பட்டதோ அந்தக் காரியத்துக்கு அதைப் பயன்படுத்தியவர்களுக்குச் சந்தை தண்டனை விதிக்கிறது. லாபம் இருக்கும் இடத்தில் கள்ளக் கையும் வரும். பழைய எண்ணை இழைத்து எடுத்துவிட்டுப் புதிதாக அடிப்பவர்கள் உண்டு. அதைப் பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்துப் பிழைப்பவர்களும் உண்டு.

ஏமாறுபவர் பெரும்பாலும் கோடீஸ்வரர் அல்ல. அவருக்கு ஆலோசகர் இருப்பார். பத்தொன்பது வயதில் வாங்க முடியாத காரை, வீட்டுக் கடன் முடிந்து, பிள்ளைகள் படித்து முடித்த பிறகு, சேமிப்பிலிருந்து வாங்கும் மனிதர்தான் மாட்டிக்கொள்கிறார். பெயின்டின் பளபளப்பும் இன்ஜினின் சத்தமும் அவரைப் பாதி மயக்கிவிடும். மீதியைக் குளிர்சாதன அரங்கும், தொலைக்காட்சிக் கேமராவும், ‘இன்னும் ஆயிரம், இன்னும் ஆயிரம்’ என்று காதருகே குனிந்து தூண்டும் ஏல உதவியாளரும் பார்த்துக்கொள்வார்கள்.

ஏறியதும் இறங்கியதும்

அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் 1971-ல் தொடங்கிய பாரெட்-ஜாக்ஸன் ஏலம் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாகத் தொடங்கிய பிறகு இந்தச் சந்தையின் முகமே மாறியது. அதுவரை கிளப் பத்திரிகை விளம்பரத்திலும் தெரிந்தவர் மூலமும் கை மாறிய கார்களுக்கு, வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த லட்சக்கணக்கானோர் விலை பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக் கொட்டகையில் நிற்கும் காருக்கும் அதே விலை என்று மனக்கணக்குப் போட்டார்கள். 2005, 2006, 2007-ல் விலைகள் விண்ணைத் தொட்டன. வீட்டை அடகு வைத்துக் கடன் வாங்குவது அமெரிக்காவில் மிக எளிதாக இருந்த ஆண்டுகளும் அவைதான். இரண்டுக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை.

2008-ல் அந்த வீட்டுக் கடன் குமிழி வெடித்தபோது மஸில் கார்களும் சரிந்தன. அதிகம் அடி வாங்கியவை கடைசியாக ஏறியவை: காகிதம் இல்லாத, நம்பர் ஒத்துப்போகாத, நடுத்தரக் கார்கள். வரலாறு உறுதியான கார்கள் சில ஆண்டுகளில் எழுந்து நின்றன. 1967-ல் டயர் சோதனைக்காகக் கரோல் ஷெல்பி உருவாக்கிய ஒரே ஒரு ஜிடி-500 சூப்பர் ஸ்நேக் 2013-ல் 13 லட்சம் டாலருக்குப் போயிற்று. 2019-ல் 22 லட்சம். 1965 ஷெல்பி ஜிடி-350 ஆர் பந்தயக் காரின் மாதிரி வண்டி, கென் மைல்ஸ் ஓட்டி வென்றது, 2020 ஜூலையில் 38.5 லட்சம் டாலர் பெற்றது. கொரோனா காலத்தில்!

இந்தப் பட்டியலைப் பார்த்து மயங்காமலிருக்க ஒரு கணக்கு. மீகம் ஏலத்தில் புல்லிட் மஸ்டாங்கை வாங்கியவர் கொடுத்த கூடுதல் கட்டணம் மட்டும் 3.4 லட்சம் டாலர். அதாவது பத்து சதவீதம். காரை மேடையிலிருந்து இறக்கும் முன்பே அவர் அவ்வளவு பின்தங்கிவிட்டார். காப்பீடு, ஈரமில்லாத கொட்டகை, விற்கும்போது ஏல நிறுவனத்துக்கு மறுபடியும் ஒரு பங்கு. இவையெல்லாம் போகத்தான் லாபம். பத்திரிகைத் தலைப்பில் வருவது உச்ச விலை. உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் பலருக்கு மிஞ்சுவது ஓட்டிய சந்தோஷம்தான். ஓட்டியிருந்தால்.

யாருடைய இளமை?

காகிதம், எண்ணிக்கை, நிலை எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒரு பகுதி மிச்சமிருக்கிறது. அதுதான் ஆசை. மனிதர்கள் பதினேழு வயதில் ஏங்கியதை ஐம்பது வயதில் வாங்குகிறார்கள். மஸில் கார் விலை 1990-களிலும் 2000-களிலும் ஏறியது தற்செயல் அல்ல. 1946-க்குப் பின் பிறந்த அந்தப் பெரும் தலைமுறையின் கையில் பணம் சேர்ந்த காலம் அது. 1968-ல் பதினெட்டு வயதில் திரையரங்கில் ‘புல்லிட்’ பார்த்தவருக்கு இன்று எழுபத்தைந்து தாண்டிவிட்டது. கிளட்ச் மிதிக்க முழங்கால் ஒத்துழைப்பதில்லை. பிள்ளைகளுக்குக் கொட்டகையைக் காலி செய்ய வேண்டும்.

இதற்கு முன் இப்படி நடந்திருக்கிறது. 1920-களின் ஃபோர்டு கார்களை நினைவிலிருந்து நேசித்தவர்கள் மறைந்தபோது அவற்றுக்கான போட்டியும் அவர்களோடு தேய்ந்தது. ட்யூசன்பர்க் போன்ற மகா கார்கள் மட்டும் நினைவைக் கடந்து கலைப்பொருளாகிப் பிழைத்தன. மஸில் கார்களுக்கும் அதே தீர்ப்புதான் காத்திருக்கிறது என்பது என் கணிப்பு. ஹெமி கன்வர்ட்டிபிளும் இசட்எல்-1-ம் அருங்காட்சியக வரிசையில் நிற்கும். காகிதம் இல்லாத, நடுத்தர, பளபளப்பான ஆயிரக்கணக்கான கார்களின் சொந்தக்காரர்கள்தான் கவலைப்பட வேண்டும். அவர்களின் முதலீடு ஒரு தலைமுறையின் ஆயுளோடு கட்டப்பட்டிருக்கிறது.

புதிய தலைமுறைக்குக் கார் மோகம் இல்லையென்று சொல்ல முடியாது. 2021 ஜூனில் லாஸ் வேகாஸில் ஆரஞ்சு நிற டொயோட்டா சுப்ரா ஒன்று 5.5 லட்சம் டாலருக்குப் போனது. 2001-ல் வந்த ‘தி ஃபாஸ்ட் அண்டு தி ஃபியூரியஸ்’ படத்தில் ஓடிய கார் அது. அப்பாவுக்கு மஸ்டாங் எதுவோ மகனுக்கு அது சுப்ரா. அதே படத்தின் கடைசியில் சுப்ராவோடு பந்தயம் விடுவது 1970 டாட்ஜ் சார்ஜர் என்பதுதான் பழைய காரின் பிரியர்களுக்கு ஆறுதல். அப்பாவின் ஆசையை மகனிடம் கொண்டு சேர்த்ததில் சினிமாவுக்கு இருக்கும் பங்கு எந்த ஏல நிறுவனத்துக்கும் இல்லை.

இன்னொரு ஆறுதலும் சொல்கிறார்கள். 2023 டிசம்பரில் வி-8 டாட்ஜ் சாலஞ்சர் உற்பத்தி முடிந்தது. அதே மாதம் கமாரோவும் நின்றது. ‘இனி வராது’ என்பது விலைக்கு நல்ல உரம் என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. 1973-லும் இனி வராது என்றுதான் நினைத்தார்கள். அந்த நினைப்பில் ஒருவரும் வாங்கிப் பத்திரப்படுத்தவில்லை, தூக்கிப் போட்டார்கள். அருமை தெரியப் பல ஆண்டுகள் பிடித்தன.

எதுவும் செய்யாதவரின் லாபம்

கிஸ்ஸிம்மி மேடையில் நின்ற அந்தப் பச்சை மஸ்டாங்குக்கே திரும்புவோம். 1974-ல் ஒரு பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துச் சில ஆயிரம் டாலருக்கு அதை வாங்கிய ஒரு சாதாரணக் குடும்பம், அன்றாடக் காராகவே பயன்படுத்தியது. மனைவி அதை ஓட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூட வேலைக்குப் போனார். 1977-ல் ஸ்டீவ் மெக்வீனே கடிதம் எழுதி, காரைத் திருப்பித் தரும்படி கேட்டார். குடும்பம் கொடுக்கவில்லை. பிறகு பழுதாகிக் கொட்டகைக்குப் போனது. பெயின்ட் அடிக்கவில்லை, துருவைச் சுரண்டவில்லை. 2018-ல் வெளியுலகுக்கு வந்தபோது மெக்வீன் விட்டுவிட்டுப் போன காரின் தழும்புகள் அதில் அப்படியே இருந்தன. எண் இருந்தது, கடிதம் இருந்தது, விட்டுப்போகாத வரலாறு இருந்தது. அதற்குத்தான் 37.4 லட்சம் டாலர்.

அந்தப் படத்துக்கு இரண்டாவதாக ஒரு மஸ்டாங் உண்டு, சாகசக் காட்சிகளுக்கு. அது 2017-ல் மெக்சிகோவின் பாகா பகுதியில் ஒரு பழைய இரும்புக் கிடங்கில் கிடந்தது. கண்டெடுத்தவர்கள் அதை வேறொரு சினிமா மஸ்டாங்கின் நகலாக மாற்றுவதற்குப் பட்டறைக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை தொடங்கிய பிறகு யாரோ ஒருவர் எண்ணைச் சரிபார்த்தார். அசலை வெட்டிப் போலி செய்யும் வேலை அந்த நிமிடத்தில் நின்றது.

இன்று அமெரிக்காவில் 1969 கமாரோவின் புத்தம் புதிய உடம்பை கேட்டலாகில் பார்த்து ஆர்டர் செய்யலாம். இன்ஜின் வாங்கலாம், அன்றைய பெயின்ட் வாங்கலாம், தொழிற்சாலையில் சுண்ணாம்புக் கட்டியால் போட்ட கிறுக்கலைக்கூட அதே மாதிரி கிறுக்கித் தர ஆள் இருக்கிறது. இவற்றையெல்லாம் காசு கொடுத்து எத்தனை முறை வேண்டுமானாலும் வாங்கலாம் என்பதால் அவற்றுக்குப் பெரிய விலை இல்லை. கொட்டகையில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை இரண்டு: பெயின்டரைக் கூப்பிடும் முன் பின் இருக்கையைத் தூக்கிப் பாருங்கள். அதற்கும் முன்னால், ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். அந்த ஓட்டத்துக்கு ஏலத்தில் விலை கிடையாது. அதற்காகத்தான் அந்தக் காரைச் செய்தார்கள்.